தாழொலிக்கு இரண்டு மடைகள்

‘தும் தும்’ மட்டும் கேட்பது ஏன்?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தை நெருங்கும் இடத்தில், வெள்ளைக் குவியல்களோடு உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கும் வெட்டவெளியை ஒரு கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பாட்டுடன் கடந்துபோனால், பாத்திக் கரையில் நிற்பவரின் காதில் பாடகரின் குரலோ வயலினோ விழுவதில்லை; ‘தும் தும்’ என்ற அதிர்வு மட்டுமே விழுகிறது. அதே கார் தேநீர்க் கடை முன் நின்று, உள்ளிருப்பவர் கதவைத் திறந்தால், சற்று முன்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த அந்த அதிர்வு சட்டெனத் தளர்ந்துவிடுகிறது. மீண்டும் கதவைச் சாத்தி, வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், குமிழை யாரும் தொடாமலேயே தாழ்ந்த சுருதி ஒலிகள் எங்கோ கரைந்துபோனதுபோல் தோன்றுகின்றன. பாட்டும் கருவியும் மாறவில்லை. ஆனால் அதே பாட்டு மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கேட்கிறது.

கடைகளில் ‘பேஸ்’ என்று வழங்கும் இந்தத் தாழ்ந்த சுருதி ஒலி இந்த அத்தியாயத்தில் தாழொலி எனப்படும். அதை மட்டும் எழுப்புவதற்கென்று காரின் டிக்கியில் ஒரு பெட்டிக்குள் பொருத்தப்படும் பெரிய ஒலிபெருக்கியே சப்வூஃபர். மெல்லிய மின்குறியை வலுப்படுத்தி அதற்கு ஊட்டும் கருவியே ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். பழந்தமிழ் இசைமரபு குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. மெலிவு தன் மேலுள்ள இரண்டையும் மூடிவிடாமல் அவற்றைத் தாங்கி நிற்கும்படி ஆம்பின் குமிழ்களைத் திருப்புவதுதான் சீரமைப்பு என்பதன் பொருள். அதைச் செய்ய முனைபவர் முதலில் அறிய வேண்டியது, அவர் கேட்கும் தாழொலியில் ஆம்ப் தருவது ஒரு பங்குதான், மற்றொரு பங்கைக் காரின் கூடும் இன்னொரு பங்கைக் காதும் தீர்மானிக்கின்றன என்பதே.

அலையின் நீளமும் காரின் நீளமும்

ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அலைவெண் என்றும், அதன் அலகை ஹெர்ட்ஸ் என்றும் அழைப்பர். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆண்கள் பேசும் குரலின் அடித்தளம் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. சப்வூஃபரின் ஆட்சி பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே.

கடற்கரையில் 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு பகலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 35 சென்டிமீட்டர் நீளம்தான். 70 ஹெர்ட்ஸ் அலையோ 5 மீட்டர், 35 ஹெர்ட்ஸ் அலை 10 மீட்டர். சிறிய கார் ஒன்றின் உட்கூடு முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை சுமார் 2.5 மீட்டர் இருக்கும். 70 ஹெர்ட்ஸில் அரை அலை மட்டுமே அந்த நீளத்துக்குள் அடங்குகிறது. அதற்குக் கீழே அரை அலைக்குக்கூட இடமில்லை. இடமில்லாத அலை அலையாகப் பயணம் செய்வதில்லை. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே வரும்போது கூட்டுக்குள் உள்ள காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுக்கப்படுகிறது. பின்னே போகும்போது முழுவதும் ஒரே நேரத்தில் தளர்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் உள்ளே என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது.

இதனால் காருக்குள் ஒரு விளைவு ஏற்படுகிறது. அலைவெண் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதாவது பாதியாகும்போது, கூட்டுக்குள் அழுத்தம் கோட்பாட்டளவில் 12 டெசிபல் வரை கூடுகிறது. டெசிபல் என்பது ஒலியின் வலிமையைப் பெருக்கல் முறையில் எண்ணும் அலகு. 3 டெசிபல் கூடினால் திறன் இரு மடங்கு, 6 என்றால் நான்கு மடங்கு, 12 என்றால் பதினாறு மடங்கு. கண்ணாடியும் தகடும் நெளிவதாலும் இடுக்குகளில் காற்று கசிவதாலும் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆயினும் இந்தக் கூட்டுப்பெருக்கம் எந்தக் குமிழையும் திருப்பாமல் இலவசமாகக் கிடைப்பது. கதவைத் திறந்ததும் பம்பின் வாயில் வைத்த விரல் எடுபட்டுவிடுவதால் இரண்டாவது புதிர் அவிழ்கிறது.

முதல் புதிரை அவிழ்ப்பது அதே கண்ணாடியும் தகடுந்தான். ஒரு சுவர் ஒலியைத் தடுக்கும் ஆற்றல், அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. குரலையும் வயலினையும் நிறுத்தி வைக்கும் கண்ணாடி, 50 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குக் கிட்டத்தட்டத் திரைச்சீலைதான். பாத்திக் கரையில் நிற்பவருக்குத் ‘தும் தும்’ மட்டும் வந்து சேர்வதற்குக் காரணம் இதுவே.

காது போடும் தள்ளுபடி

மனிதக் காது எல்லா அலைவெண்களையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவான வளைகோடுகளாக வரைந்து காட்டின. அவற்றுக்குப் பின் வந்த புதிய அளவீடுகளின் அடிப்படையில் அமைந்ததே இன்றைய அனைத்துலகத் தரம். அதன்படி 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 2 அல்லது 3 டெசிபல் இருந்தாலே செவிக்கு எட்டிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 27 டெசிபலும், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 44 டெசிபலும், 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 78 டெசிபலும் தேவைப்படுகின்றன. கீழே இறங்க இறங்கக் காது பெரிய தள்ளுபடி போடுகிறது.

ஆனால் ஒருமுறை கேட்கத் தொடங்கிவிட்டால், தாழொலியின் உரப்பு வலிவொலியைவிட வேகமாக ஏறுகிறது. சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது தாழொலி முழுவதும் மறைந்துவிடுவதும், கூட்டும்போது திடீரெனப் பெருகிப் பாட்டை விழுங்குவதும் இதனால்தான். எனவே தாழொலியைப் பொறுத்தவரை இரண்டு மூன்று டெசிபல் வேறுபாடே ‘போதவில்லை’ என்பதற்கும் ‘தாங்க முடியவில்லை’ என்பதற்கும் இடைப்பட்ட தூரமாகிவிடுகிறது. ஓடும் காரில் டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சல் பெரிதும் தாழ்ந்த அலைவெண்களில் குவிவதால், அது பாட்டின் தாழொலியை மூடிவிடுகிறது; ஓர் ஒலி தன்னையொத்த அலைவெண்ணுள்ள மற்றோர் ஒலியைக் கேட்கவொட்டாமல் செய்யும் இந்த விளைவை ஒலி மறைப்பு என்பர். மூன்றாவது புதிருக்கு அதுவே விடை.

கைப்பேசிச் செயலியைக் கொண்டு அளப்பவர்கள் இங்கே ஏமாற வாய்ப்புண்டு. இரைச்சல் அளக்கும் கருவிகள் பொதுவாகப் பின்பற்றும் ‘ஏ’ அளவுமுறை, காதின் தள்ளுபடியைப் போலவே 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துக் காட்டுகிறது. ‘சி’ அளவுமுறை ஏறத்தாழ 1 டெசிபலை மட்டுமே கழிக்கிறது. சப்வூஃபரை ‘ஏ’ முறையில் அளந்து ‘இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது’ என்று குமிழைத் திருப்புவது, தராசுத் தட்டின் அடியில் விரலை வைத்துக்கொண்டு நிறுப்பதற்கு ஒப்பாகும்.

உப்பு விளையும் இடைவெளி

மரக்காணம் போன்ற உப்பளங்களில் உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மடை வழியாக விடப்பட்டு, வெயிலில் வற்றிச் செறிவேறுகிறது. அந்தச் செறிவு பாமே என்னும் பாகைக் கணக்கில் அளக்கப்படுகிறது. கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை. 25 பாகையை எட்டும்போதுதான் உணவுக்குரிய உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே விளைவிக்கும் பாத்திக்கு விட்டுவிட்டால் சுண்ணச் சத்துள்ள ஜிப்சம் உப்போடு கலக்கும். ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் விட்டு வைத்தால் மக்னீசிய உப்புகள் படிந்து கசப்பேறும் என்பதால் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். நல்ல உப்பு இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் விளைகிறது. ஒரு மடையைத் திறக்கும் நேரமும் இன்னொரு மடையை அடைக்கும் நேரமும் தெரிந்திருப்பதே இத்தொழிலின் நுட்பம்.

சப்வூஃபர் ஆம்பிலும் இதுபோன்ற இரண்டு மடைகள் உள்ளன. ‘லோ பாஸ்’ என்று எழுதப்பட்டிருக்கும் குமிழ் மேல் மடை. அது குறிப்பிட்ட அலைவெண்ணுக்குக் கீழுள்ளவற்றை மட்டும் விட்டு, மேலுள்ளவற்றைப் படிப்படியாக அடைக்கிறது. ‘சப்சானிக்’ என்று எழுதப்பட்டிருப்பது கீழ் மடை. அது மிகத் தாழ்ந்த, காதுக்கு எட்டாத அதிர்வுகளை அடைக்கிறது. சுவர் வைத்ததுபோல் எந்த மடையும் சட்டென மூடிக்கொள்வதில்லை. ஒரு ஸ்தாயிக்கு 12 அல்லது 24 டெசிபல் என்ற சரிவில்தான் ஒலி குறைகிறது. 80 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் சரிவுள்ள மடை வைத்தால், 160 ஹெர்ட்ஸில் உள்ள ஒலியின் திறன் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்காகிவிடுகிறது.

மேல் மடைக்கு 80 ஹெர்ட்ஸ் பொருத்தமான தொடக்கமாக அமைவதற்குக் காரணம் மனிதத் தலையின் அளவு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டே மூளை கணிக்கிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டரைத் தாண்டுவதால், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு காதுகளும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைப் பெறுகின்றன. ஒலி டிக்கியிலிருந்து வருவது தெரிவதில்லை. மடையை 120 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஆண்குரலின் அடிப்பகுதியும் டிக்கிக்குள் போய்விட, பாடகரின் பாதி உடல் முன்னாலும் பாதி பின்னாலும் அமர்ந்திருப்பதுபோல் ஆகிவிடும்.

கீழ் மடையின் பணி காதைவிட ஒலிபெருக்கியைக் காப்பதே. வெட்டவெளியில் ஒரே உரப்பைத் தருவதற்கு, அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். காதுக்கு எட்டாத 15 ஹெர்ட்ஸ் அதிர்வுக்காகக் கூம்பு தன் எல்லை வரை துள்ளிக்கொண்டிருந்தால், கேட்கும் ஒலிக்கு அசைய இடமிருக்காது. காற்றுத் துளை வைத்த பெட்டியில், அத்துளைக்கென அமைந்த அலைவெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்றழுத்தமே இல்லாததால், அங்கே இந்த மடை கட்டாயத் தேவையாகிறது. முழுவதும் மூடிய பெட்டிக்கு 20 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை போதும்.

கெயின் குமிழ்: ஓர் எடுத்துக்காட்டு

ஆம்பின் மேலுள்ள குமிழ்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘கெயின்’. அது சத்தக் குமிழ் அன்று. முன்னால் உள்ள இசைப்பெட்டி அனுப்பும் மின்குறியின் உச்சமும் ஆம்ப் தரக்கூடிய திறனின் உச்சமும் ஒரே நேரத்தில் எட்டப்படும்படி பொருத்தும் குமிழ். இசைப்பெட்டி ஒன்று உச்சத்தில் 2 வோல்ட் அனுப்பும், மற்றொன்று 4 வோல்ட் அனுப்பும். எதனோடும் இணங்குவதற்கே இந்தக் குமிழ் வைக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக, மரக்காணத்தில் ஓடும் ஒரு சிறிய காரின் டிக்கியில், மூடிய பெட்டிக்குள் 10 அங்குல சப்வூஃபர் இருப்பதாகவும், அதன் மின்தடை 4 ஓம் என்றும், அதற்கான ஆம்ப் தொடர்ந்து 225 வாட் தரவல்லது என்றும் கொள்ளலாம். முதலில் அந்த 225 வாட் உண்மையா என்று பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ‘மேக்ஸ்’ வாட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆம்பில் உள்ள ஃபியூஸ் பொய் சொல்லாது. ஃபியூஸ் 30 ஆம்பியர் என்றால், 14 வோல்ட் மின்னழுத்தத்தில் அது உள்ளே இழுக்கும் திறன் 420 வாட்; அதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்று கொண்டால், வெளியே வருவது 340 வாட்டுக்குள்தான். 225 வாட் என்ற கூற்று இந்தச் சோதனையில் தேறுகிறது. அதே ஃபியூஸுடன் 1,200 வாட் என்ற கூற்று தேறாது.

அடுத்து, 225 வாட் என்பது 4 ஓம் மின்தடையில் எத்தனை வோல்ட் என்று அறிய வேண்டும். வாட்டையும் ஓமையும் பெருக்கினால் 900. அதன் வர்க்கமூலம் 30. ஆம்பின் வெளியீட்டு முனைகளில் 30 வோல்ட் வரும் இடமே அந்த ஆம்பின் எல்லை.

அளவீடு இவ்வாறு நடைபெறும். சப்வூஃபரின் வயர்கள் ஆம்பிலிருந்து கழற்றப்படுகின்றன. இசைப்பெட்டியின் பேஸ், ட்ரெபிள் அமைப்புகளும் ஆம்பின் பேஸ் பூஸ்ட்டும் சுழியில் வைக்கப்படுகின்றன. முன்பலகையில் ஓட்டுநர் கைக்கெட்டும் தனிக் குமிழ் இருந்தால் அது முழுவதும் திறக்கப்படுகிறது. மேல் மடை மிக உயரத்துக்கும் கீழ் மடை மிகத் தாழ்வுக்கும் தள்ளப்படுகின்றன. மடைகள் சோதனை ஒலியைக் குறைத்துக் கணக்கைக் கெடுக்கக்கூடாது என்பதே காரணம். கெயின் முழுவதும் குறைக்கப்பட்டு, முழு வலிமையில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சீரலை, அதாவது ஒரே அலைவெண்ணில் சீராக ஏறி இறங்கும் ஒலி, ஓடவிடப்படுகிறது. இசைப்பெட்டியின் ஒலியளவு முக்கால் பங்குக்கு ஏற்றப்படுகிறது. பல இசைப்பெட்டிகள் அதற்கு மேல் தாமே ஒலியைச் சிதைக்கத் தொடங்கிவிடும். மாறுமின்னோட்ட வோல்ட் அளக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரை ஆம்பின் முனைகளில் வைத்து, 30 வோல்ட் காட்டும் வரை கெயின் மெல்லத் திருப்பப்படுகிறது. இந்தியாவில் வீட்டு மின்சாரமே 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், மலிவான மல்டிமீட்டரும் இந்த அலைவெண்ணில் நம்பத்தக்க அளவு காட்டும் என்பது ஒரு வசதி.

30 வோல்ட் வந்த இடத்தில் கெயினின் எல்லை முடிந்தது. அதற்கு மேல் திருப்பினால் ஆம்பின் சிதைவில்லாத திறன் கூடாது. எல்லை மட்டும் முன்கூட்டியே வந்துவிடும்.

உச்சி வெட்டுண்ட அலை

அந்த எல்லையைத் தாண்டினால் நேர்வது உச்சிவெட்டு. ஆம்ப் தன்னிடம் உள்ள மின்னழுத்தத்துக்கு மேல் அலையை உயர்த்த முடியாததால், உருண்டையான அலையின் தலையும் அடியும் சீவப்பட்டுத் தட்டையாகின்றன. முற்றிலும் தட்டையாகிச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சீரலையைப்போல் இரு மடங்கு திறனைச் சுமக்கிறது. 225 வாட் ஆம்ப் கோட்பாட்டளவில் 450 வாட் வரை வெப்பத்தை ஒலிபெருக்கிக்குள் தள்ளக்கூடும். அந்த வெப்பத்தை ஏற்பது கூம்பின் பின்னுள்ள செப்புக் கம்பிச் சுருள். செம்பு 100 பாகை சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுவதால், ஒலி குறைகிறது. ஒலி குறைந்ததைக் கண்டு குமிழ் மேலும் திருப்பப்படுகிறது. சுருள் கருகும் வாசனை வரும் வரை இந்தச் சுழற்சி தொடர்கிறது.

உச்சிவெட்டு சமனையும் கெடுக்கிறது. வெட்டுண்ட 50 ஹெர்ட்ஸ் அலையிலிருந்து 150, 250, 350 ஹெர்ட்ஸ் என ஒற்றை மடங்குகளில் புதிய ஒலிகள் பிறக்கின்றன. மேல் மடை ஆம்பின் முன்பகுதியில் இருப்பதால், அதற்குப் பின்னால் பிறந்த இவற்றை அது தடுக்க முடியாது. அவை காதுக்குத் திசை காட்டுபவை. மறைந்திருக்க வேண்டிய சப்வூஃபர் ‘இதோ டிக்கியில் இருக்கிறேன்’ என்று தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

பூஸ்ட் குமிழின் விலை

‘பேஸ் பூஸ்ட்’ என்னும் குமிழ் பெரும்பாலான ஆம்ப்களில் 45 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை உயர்த்துகிறது. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரின் கூடு தானாகவே தாழொலியைக் கூட்டித் தருகிறது என்பது முன்பே கண்டது. மூடிய பெட்டியில் உள்ள சப்வூஃபரோ தன் இயல்பு அலைவெண்ணுக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் குறைகிறது. பெட்டி இறங்கும் சரிவும் கூடு ஏறும் சரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்து, காருக்குள் கிட்டத்தட்ட மட்டமான தாழொலி கிடைப்பது, சிறிய மூடிய பெட்டி காருக்கு நன்கு பொருந்துவதன் அடிப்படைக் காரணம். இரு சரிவுகளும் ஏற்கெனவே நேர் செய்துவிட்ட அதே இடத்தில் பூஸ்ட் ஒரு மேட்டை எழுப்புகிறது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே சுருதி மட்டும் ‘பொம்’ என்று முழங்குவதும், மிருதங்கமும் பேஸ் கிதாரும் ஒரே குரலில் பேசுவதும் அந்த மேட்டினால் வருபவை.

அதன் விலையும் அதிகம். 6 டெசிபல் பூஸ்ட் நான்கு மடங்கு திறன் கேட்கிறது. எடுத்துக்காட்டில் உள்ள ஆம்ப் சுழி பூஸ்ட்டில் 225 வாட்டுக்குப் பொருத்தப்பட்டிருக்க, பின்னர் யாரேனும் பூஸ்ட்டை 6-க்குத் திருப்பினால், அது 45 ஹெர்ட்ஸில் 900 வாட் தர முயன்று, இயலாமல் உச்சியை வெட்டிக்கொள்ளும். மிக அரிதான சூழல் தவிர, இந்தக் குமிழ் சுழியிலேயே இருப்பது நல்லது.

இரண்டு ஒலிகள் சந்திக்கும் இடம்

சப்வூஃபர் மீண்டும் இணைக்கப்பட்டு, மேல் மடை 80 ஹெர்ட்ஸிலும் கீழ் மடை 25 ஹெர்ட்ஸிலும் நிறுத்தப்பட்ட பின் ஒரு சிறு சுவிட்ச் எஞ்சும். அதில் 0, 180 என்ற இரு நிலைகள் இருக்கும். இது கட்டச் சுவிட்ச். கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல். முன்கதவு ஒலிபெருக்கியின் அலை மேடாக வரும் அதே நொடியில் டிக்கியின் அலை பள்ளமாக வந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டுக் காரில் சப்வூஃபர் ஓட்டுநரின் காதுக்குக் கதவு ஒலிபெருக்கியைவிட 90 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால், 80 ஹெர்ட்ஸில் அது அலையின் ஐந்தில் ஒரு பங்குத் தாமதம். ஸ்தாயிக்கு 12 டெசிபல் சரிவுள்ள மடை அதே அலைவெண்ணில் மேலும் கால் பங்கு அலையைத் தாமதப்படுத்துகிறது. கதவு ஒலிபெருக்கிகளுக்கு மடை ஏதும் இல்லாத நிலையில், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ அரை அலையாகிவிட, மேடும் பள்ளமும் எதிர்ப்படுகின்றன. சுவிட்சை 180-க்குத் தள்ளினால் சப்வூஃபரின் அலை தலைகீழாகி மேட்டோடு மேடு சேர்கிறது. ஒவ்வொரு காரிலும் தொலைவுகளும் மடைகளும் மாறுவதால், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரு நிலைகளையும் மாற்றிப் பார்த்து, எதில் தாழொலி நிறைந்து கேட்கிறதோ அதில் விடுவதே நேரான வழி.

தொப்பியின் பாடம்

கருவிகள் சொன்ன எல்லைக்குள் இறுதி அளவைக் காதே முடிவு செய்கிறது. மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் நீரில் குழைத்த ரவையை அப்புவது இதே சிக்கலுக்கு மரபு கண்ட தீர்வாகும். ரவை தோலின் நிறையைக் கூட்டுவதால் சுருதி தாழ்ந்து, தொப்பி கும்காரம் தரும். ரவை குறைந்தால் தோல் வெறுமையாய் ஒலிக்கும், மிகுந்தால் மழுங்கும். கலைஞர் சிறிது அப்பி, தட்டிக் கேட்டு, சிறிது வழித்தெடுத்து, வலந்தலையோடு இணங்கும் இடத்தில் நிறுத்துகிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச.வெ. இராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழிலும், பின்னர் விரிவாகவும், இந்தியத் தோற்கருவிகளின் தலையில் பூசப்படும் கருஞ்சாந்து அவற்றின் மேற்சுரங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்று விளக்கினார். பூச்சின் அளவே நாதத்தை ஆக்குகிறது என்பதை அறிவியல் சொல்வதற்கு முன்பே விரல்கள் அறிந்திருந்தன.

சப்வூஃபருக்கும் அதே முறை பொருந்தும். நன்கு பழகிய ஒரு பாட்டை வழக்கமான உரப்பில் ஓடவிட்டு, முன்பலகைக் குமிழை முழுவதும் குறைத்துப் பின் மெல்ல ஏற்ற வேண்டும். பாட்டின் அடித்தளம் நிறைந்ததுபோலவும், ஆனால் ஒலி டிக்கியிலிருந்து வருவதாகத் தோன்றாமலும் உள்ள இடமே சமன். முன்பலகைக் குமிழ் இல்லாத காரில் இதே தேடலைக் கெயினை 30 வோல்ட்டுக்குக் கீழே குறைத்துச் செய்யலாம். ஓடும்போது சாலை இரைச்சல் தாழொலியை மூடுவதால், நிற்கும்போது கண்ட இடத்திலிருந்து குமிழைச் சற்றே ஏற்றி ஓட்டி, நின்றதும் இறக்குவது முறை.

உப்புக் காற்று செய்யும் மாற்றம்

இவ்வளவு கவனத்துடன் சீரமைத்த ஆம்ப் கடற்கரையில் அதே நிலையில் நீடிப்பதில்லை. சமையல் உப்புக்கு ஒரு பண்பு உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். உப்பளக் கரையின் விடியற்காலைக் காற்று அந்த அளவை எளிதில் கடக்கும். காரின் தகட்டில் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் அப்போது உவர்நீர்ப் படலமாகி, செப்பு வயரும் இரும்புத் தகடும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு மின்கலத்தைப்போல் செயல்பட்டு இரும்பை அரிக்கிறது. ஆம்பின் எதிர்முனை காரின் உடலோடு சேரும் இடம், மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்று அழைப்பது, பெரும்பாலும் இப்படி ஒரு சந்திப்பே.

225 வாட் தரும் ஆம்ப் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கிறது. துருவினால் அந்தச் சந்திப்பை இறுக்கும் போல்ட்டில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டால்கூட 2 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு, ஆம்புக்கு 14 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்தான் போய்ச் சேரும். உள்மின்னழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் அமைப்பு இல்லாத ஆம்பில் வெளியீட்டின் எல்லையும் அதே விகிதத்தில் சுருங்கி, 30 வோல்ட் என்பது 26 வோல்ட்டுக்கும், 225 வாட் என்பது 165 வாட்டுக்கும் இறங்கிவிடும். கெயின் குமிழோ பழைய 30 வோல்ட்டிலேயே நிற்கிறது. யாரும் எதையும் திருப்பாமலேயே உச்சிவெட்டு தொடங்கிவிடுகிறது. ‘ஆம்ப் பழசாகிவிட்டது’ என்ற தீர்ப்பும் கூடவே வருகிறது.

இதைக் கண்டறிவது எளிது. பாட்டு உரத்து ஓடும்போது பேட்டரி முனைகளில் ஒருமுறையும் ஆம்பின் மின்முனைகளில் ஒருமுறையும் வோல்ட்டை அளந்து, வேறுபாடு அரை வோல்ட்டைத் தாண்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தகட்டை வெள்ளையாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருப்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளலாம். வயர் எங்கேனும் உரசினால் தீயைத் தடுப்பது அது ஒன்றே.

ஆண்டுக்கு ஒருமுறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்தான் உப்பளங்களில் பாத்திகள் செப்பனிடப்பட்டு, கரைகள் மிதிக்கப்பட்டு, புதிய பருவம் தொடங்குகிறது. கடற்கரையில் ஓடும் காரின் ஆம்புக்கும் அதே வேளை பொருத்தமானது. போல்ட்டைத் தேய்த்து, 30 வோல்ட் வருகிறதா என்று மீண்டும் அளந்து, பூஸ்ட் சுழியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த ஆண்டுக்கு அது போதும்.

மழைக்குப் பின்னான அந்த மாதங்களில்தான் மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலத்துக்கு வலசைப் பறவைகளும் வருகின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எவ்வளவு செம்மையாகச் சீரமைத்தாலும் தாழொலியைக் கார்க் கண்ணாடியால் அடைத்து வைக்க முடியாது என்பதால், அந்தச் சில கிலோமீட்டர்களில் முன்பலகைக் குமிழைக் குறைத்துக்கொண்டு கடந்து செல்வது வாசகர்கள் செய்யக்கூடிய கடைசிச் சீரமைப்பு.